வேலம்மாளுக்கு வேண்டியது

சண்டை போடுவதற்குத்தான் சட்டப் படிப்பு என்று நினைத்துச் சேருகிறவர்களுக்கு நான்காம் வருடத்தில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். சண்டையை நிறுத்துவதற்கும் ஒரு பாடம் வைத்திருப்பார்கள். அதற்கும் பரீட்சை, அதற்கும் மார்க். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் பானுப்ரியா. அவளுடைய அப்பாவும் அத்தையும் முகம் கொடுத்துப் பேசாமல் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

லால்குடியில் வாய்க்கால் ஓரத்தில் அவர்களுக்கு நல்ல நஞ்சை உண்டு. தாத்தா காலமானதும் அது அப்பா அடைக்கலத்தின் கைக்கு வந்தது. தங்கை வேலம்மாளைப் புள்ளம்பாடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே மகள் ஆனந்தவள்ளியை வைத்துக்கொண்டு அவள் தையல் மிஷினில் காலம் தள்ளினாள். ஒரு நாள் ஜாடையாகப் பங்கைப் பற்றிக் கேட்டாள். கேட்டதில் தப்பே இல்லை, சட்டமே மகளுக்கும் சரிபாதி என்கிறது. அடைக்கலமோ பதிலை அவளிடம் சொல்லாமல் டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார். "நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு, இன்னும் என்ன பங்கு?" அந்தப் பேச்சு அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் புள்ளம்பாடி போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

பானுப்ரியா மன்னார்புரத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். அங்கிருந்து காலேஜ் பஸ்ஸில் போய்ப் படித்தாள். லீவுக்கு வீட்டுக்கு வந்து கேஸைப் பற்றி வாயெடுத்தால் அப்பா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுவார். "சட்டப்படி அத்தைக்கும் பங்கு உண்டுப்பா" என்று ஒருமுறை சொன்னதற்கு அவர் அவளோடு பேசாமல் இருந்தது இன்னும் அவளுக்கு மறக்கவில்லை. அதனால், இரண்டு பக்க வக்கீல்களும் கலந்து பேசி, ஸ்ரீரங்கத்தில் சமரசம் பேசி வைக்கும் ஒரு அம்மாவிடம் விஷயத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். அந்த அம்மா யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சண்டையை நிறுத்தும் பாடத்தை எடுத்தவர் வைஜயந்தி மேடம். வாரத்தில் ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவார். கோர்ட்டில் பேர் வாங்கிய வக்கீல், பிறகு சமரசத்துக்குப் பயிற்சி எடுத்து வீட்டின் முன்கட்டிலேயே அதை நடத்துகிறவர். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் சொல்லிக் கொடுப்பார். போர்டில் பெரிதாக எழுதிப் போடுவார்: 'கேட்பது வேறு, வேண்டுவது வேறு.' நிலம் கேட்கிறவனுக்கு வேண்டியது நிலமாக இருக்காது, மரியாதையாக இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் சமரசம் செய்கிறவரின் வேலை என்பார். அதற்காகத்தான் இரு தரப்பையும் தனித்தனியே உள்ளறையில் உட்காரவைத்துப் பேசுவது. அங்கே ஒருவர் மனசைத் திறந்து சொன்னது, அவர் சம்மதம் இல்லாமல் எதிராளியின் காதுக்குப் போகக் கூடாது. பானுப்ரியா இந்த விதியைப் பரீட்சையில் அப்படியே எழுதி முழு மார்க் வாங்கினாள்.

பங்குனியில் ஒரு மத்தியானம். வகுப்பு அரைத்தூக்கத்தில் இருந்தது. மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. மேடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஒரு கேஸ் சொல்றேன்" என்றார்.

"பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அண்ணன், தங்கை. தென்னந்தோப்புத் தகராறு. தங்கை பாதி கேக்கறா, அண்ணன் ஒரு மரம்கூடக் கிடையாதுங்கறார். அவளைத் தனியா உக்கார வச்சுப் பேசினேன். அரைமணி நேரம் தோப்பு, தோப்புன்னே பேசினா. அப்புறம் உடைஞ்சு அழுதுட்டா. என்ன சொன்னா தெரியுமா? 'எனக்குத் தோப்பு வேண்டாம் மேடம். எம் பொண்ணு கல்யாணத்துல அண்ணன் வந்து தாய்மாமனா நின்னு பட்டம் கட்டினாப் போதும்.' சின்ன வயசுல அவ கிணத்துல விழுந்துட்டாளாம். அண்ணன்தான் கயித்தைப் போட்டுத் தூக்கியிருக்கார். கயிறு இறுக்கி அவர் வலது கை சுட்டுவிரல் வளைஞ்சு போயிடுத்து. 'அந்த வளைஞ்ச விரல் எம் பொண்ணு நெத்தியில படணும், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்'னா."

வகுப்பு விழித்துக்கொண்டது. முன் பெஞ்சில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடத்தின் முகத்தில் நல்ல கச்சேரி செய்து முடித்தவரின் நிறைவு தெரிந்தது. "பாத்தேளா? கேட்டது தோப்பு. வேண்டியது அண்ணன்."

அது அப்பாவின் விரல் என்று பானுப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடக்கப் பழகினாள். நஞ்சையைத் தென்னந்தோப்பாக மாற்றியாயிற்று, லால்குடியைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோயாயிற்று. விரலை மட்டும் மேடத்துக்கு மாற்ற மனசு வரவில்லை, விரலை எடுத்துவிட்டால் கதை செத்துப் போகும். கதை நன்றாக இருக்க வேண்டும் என்கிற ஆசை எவ்வளவு படித்தவர்களையும் விடுவதில்லை. இத்தனை மாணவர்களில் அடைக்கலம் மகள் பானுப்ரியா யார், எந்த ஊர் என்று அவர் ஒருநாளும் விசாரித்ததும் இல்லை.

வகுப்பு முடிந்து அவள் நேரே ஹாஸ்டலுக்குப் போகவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் ஏறினாள். வழியெல்லாம் யோசனை. விதி விதிதான். ஆனால் அத்தைக்கு வேண்டியது அவ்வளவு சின்னது. அப்பா ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் முடிந்துபோகும் காரியம். அதை அவர் காதில் போடாமல் இருந்தால் இத்தனை வருஷம் படித்ததற்கு என்ன அர்த்தம்? கொள்ளிடம் பாலம் தாண்டும்போது அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். முகத்தில் சிரிப்புக்கூட வந்தது.

வீட்டில் அம்மா பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மேல்தட்டில் ஒரு பட்டுப்புடவை, அரக்கு நிறம், மயில்கழுத்துப் பச்சையில் கரை. பானுப்ரியாவைக் கண்டதும் அம்மா சட்டென்று பீரோவைச் சாத்தினாள். தனக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து அவளும் கண்டுகொள்ளாமல் விட்டாள்.

அப்பா கொல்லையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அத்தைக்கு நெலம் வேண்டாம்பா. நீங்க வந்து நின்னு பட்டம் கட்டினாப் போதுமாம். இந்த விரல் ஆனந்தவள்ளி நெத்தியில படணுமாம்."

அடைக்கலம் வாளியைக் கீழே வைத்தார். வளைந்த விரலை இடது கையால் பிடித்துத் தடவினார். கண் கலங்கியது. மகள் முன்னால் கலங்குகிறோமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்படியா சொன்னா?" என்றார்.

"ஆமாப்பா. அழுதாங்களாம்."

மாடு தண்ணி குடித்து முடித்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஒண்ணுமே வேண்டாம்னா சொன்னா? மொத்த நெலமும் வேண்டாம்னா? சரியாக் கேட்டியா?"

அந்தக் கேள்வி அவளுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் கலங்கிய கண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாம் கேட்க ஆசைப்படுவதைத்தான் நம் காது முதலில் எடுத்து வைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை ஸ்ரீரங்கத்துக்குப் போகும்போது, "நீயும் வா, வக்கீலுக்குப் படிக்கிறவ கூட இருந்தா எனக்கும் தெம்பு" என்று அப்பா அவளை அழைத்துக்கொண்டு போனார். உத்தர வீதியில் அந்த வீடு. முன்கூடத்தில் ஒரு நீள மேஜை, சுவரில் பெருமாள் படம், குடிப்பதற்கு மோர். மேஜைக்கு அந்தப் பக்கம் அத்தை உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். பானுப்ரியாவைப் பார்த்ததும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். பிறகு, எதிர்க்கட்சிக்காரி ஆயிற்றே என்று நினைவு வந்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் அவளுடைய வக்கீல் பெனடிக்ட்.

வைஜயந்தி மேடம் உள்ளேயிருந்து வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பானுப்ரியா! நீ எங்க இங்க?"

"எம் பொண்ணுங்க" என்றார் அடைக்கலம் பெருமையாக. "உங்ககிட்டதான் படிக்குதா? ரொம்ப நல்லதாப் போச்சு."

"ஒரு நிமிஷம் உள்ள வா" என்று மேடம் அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். அத்தை அழுதது இந்த அறையில்தான். மேஜை மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று இருந்தது.

"நீ இவா ஆத்துப் பொண்ணா? ஏண்டி எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே மேடம்."

"அப்பாகிட்ட ஏதாவது சொன்னியோ?"

பானுப்ரியா தரையைப் பார்த்தாள். பதில் அதுதான். "பெருமாளே" என்றார் மேடம் மெதுவாக. இப்படி ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. சமரசம் செய்கிறவர் விலகிக்கொள்ள வேண்டும், ஏன் என்று இரண்டு தரப்புக்கும் சொல்ல வேண்டும். அதையும் பானுப்ரியா பரீட்சையில் எழுதியிருந்தாள். சொல்லிக் கொடுத்தவருக்கு மறந்திருக்காது.

"இப்போ நிறுத்தினா ஏன்னு கேப்பா" என்றார் மேடம், அவளிடம் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாமல். "காரணம் சொல்லணும். என் பேரு போனாப் போறது, இவாளுக்குள்ள மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். நல்லபடியா முடியற நேரம். முடிஞ்சுடட்டுமே. அவாளுக்கு வேண்டியது சமாதானம்தானே?"

தன் பேர் போனால் போகிறது என்று அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட உண்மையில்லை. பானுப்ரியாவுக்கு அது தெரிந்தது. ஆனால் அவளுக்கும் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வெளியே வந்தார்கள்.

பேச்சை அடைக்கலமே ஆரம்பித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒத்திகை பார்த்து வந்தவர் போலப் பேசினார்.

"வேலம்மா, உம் பொண்ணு கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு நான் எங்கயும் சொல்லலை. ஆனா கேஸைக் கட்டிக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேடை ஏறுறது? ஊரு சிரிக்காதா? நெலத்துல எனக்குப் பாத்தியதை இல்லைன்னு எழுதிக் குடுத்துடு. பத்திரம் பதிஞ்ச மறுநிமிஷம் நான் தாய்மாமன்." சொல்லிவிட்டு வலது கையை மேஜை மேல் வைத்தார். "இந்தக் கை வந்து உம் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டும்."

வளைந்த விரல் மேஜை மேல் தனியாகத் தெரிந்தது. வேலம்மாள் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்தாள். மேடம் மோர் டம்ளரை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பானுப்ரியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

பெனடிக்ட் குறுக்கிட்டார். "அம்மா, அவசரப்படாதீங்க. தீர்ப்பு வந்தா பாதி உங்களுக்குக் கண்டிப்பா வரும். கல்யாணம் வேற, கேஸ் வேற. வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லலாம்."

"எங்க கையெழுத்துப் போடணும் ஸார்?" என்றாள் வேலம்மாள்.

பெனடிக்ட் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மேடம்தான் காகிதத்தை எடுத்து நீட்டினார். எல்லாம் முடிந்ததும் சம்பிரதாயப்படி இரண்டு தரப்புக்கும் கைகூப்பி, "இதுல தோத்தவா யாரும் இல்லை" என்றார். அதை அவர் எப்போதும் சொல்வார் போலிருக்கிறது, குரல் தானாக வந்தது.

வைகாசியில் கல்யாணம். அதற்குள் பத்திரம் பதிவாகி நஞ்சை முழுவதும் அடைக்கலத்தின் பேருக்கு வந்துவிட்டது. கல்யாணத்தன்று காலையில் லால்குடி வீட்டில் சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பழத்தட்டு, பூத்தட்டு, வெல்லம், மஞ்சள். அம்மா பீரோவைத் திறந்து அந்த அரக்குப் பட்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். அதன் மேல் சின்னதாக ஒரு தங்கப் பட்டம், மஞ்சள் நூலில் கோர்த்தது.

பானுப்ரியா தேங்காயைக் கையில் வைத்தபடி நின்றாள். "இது ஆனந்தவள்ளிக்கா?"

"பின்ன யாருக்கு? உனக்கா?" அம்மா சிரித்தாள்.

"இது நான் பங்குனியில வந்தப்பவே பீரோவுல இருந்துச்சேம்மா."

"மாசியிலயே எடுத்தாச்சுடி. புள்ளம்பாடியில நிச்சயம் ஆயிருச்சுன்னு காதுல விழுந்த அன்னைக்கே உங்கப்பா தஞ்சாவூரு போயி எடுத்துட்டு வந்துட்டாரு. கடைக்காரனை எல்லாத்தையும் பிரிக்க வச்சு நொந்துபோக விட்டாராம். பட்டமும் அப்பவே ஆசாரிகிட்டச் சொல்லிட்டாரு. 'கேஸு கோர்ட்டுல நடக்கட்டும், பொண்ணு மேடைக்கு மாமன் இல்லாமப் போயிருமா'ன்னாரு. யாருக்கும் சொல்லாதே, அன்னைக்குப் போய் நின்னு அவள அசர வைக்கணும்னாரு."

"அப்புறம் எதுக்கும்மா எழுதி வாங்கினாரு?"

அம்மா தட்டைத் துணியால் மூடினாள். கொஞ்சம் சங்கடமாகத்தான் சொன்னாள். "நீ வந்து சொன்னியே. சும்மா போறதுக்கு, அவளே வேண்டாங்கிறதை வாங்கிக்கிட்டுப் போனா என்னன்னு நெனச்சிருப்பாரு. குடியானவன் புத்தி, நெலம்னா விடுமா? சரி சரி, தேங்காய வை, நேரமாச்சு."

அந்தத் தேங்காயை எங்கே வைத்தாள் என்று பானுப்ரியாவுக்கு நினைவில்லை.

மண்டபத்து வாசலில் மேளம் முழங்க சீர் இறங்கியது. தாய்மாமன் சீர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே பேசியது. அடைக்கலம் பட்டு வேட்டியில் மேடை ஏறி, ஆனந்தவள்ளியின் நெற்றியில் பட்டம் வைத்துப் பின்னால் நூலை முடிந்தார். வளைந்த விரலில் நூல் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை முடிச்சு விழுந்தபோது அவர் கண்ணில் நீர் கட்டி நின்றது. பொய் அழுகை இல்லை அது, அதுதான் பானுப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. மனுஷன் பாசத்தையும் வைத்திருந்தார், அதற்கு விலையும் வாங்கிக்கொண்டார். இரண்டும் ஒரே கையில் இருந்தது அவருக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்குப் போன பிறகு, மணமகள் அறையில் அத்தை தனியாக உட்கார்ந்து சீரில் வந்த அரக்குப் புடவையின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பானுப்ரியா உள்ளே போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அத்தை கதவைச் சாத்தச் சொன்னாள்.

"கெணத்துக் கதைய அந்த அம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். வேற ஒரு உசுருகிட்டச் சொன்னதில்ல" என்றாள்.

"அத்தை, நான் நல்லதுக்குன்னு நெனச்சு…"

"தெரியும்டி. உம்மேல கோவமில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு." வேலம்மாள் புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "நீ போய்ச் சொல்லலேன்னா அண்ணன் வந்திருக்குமா?"

பானுப்ரியா யோசித்தாள். படித்த படிப்பு முழுவதும் அந்த ஒரு கணத்துக்கு வந்து நின்றது. கேட்பது வேறு, வேண்டுவது வேறு. வந்திருப்பார் என்று சொன்னால், சும்மா கிடைத்திருக்க வேண்டியதற்குப் பாதி நிலத்தைத் தூக்கிக் கொடுத்தோம் என்று அத்தை ஆயுசு முழுக்க வெந்துகொண்டிருப்பாள். எழுதிக் கொடுத்தது வீண்போகவில்லை என்ற ஆறுதல்தான் இவளுக்கு வேண்டியது. பதில் கிடைத்துவிட்டது.

"வந்திருக்க மாட்டாங்க அத்தை" என்றாள். "எனக்கு நல்லாத் தெரியும். கண்டிப்பா வந்திருக்க மாட்டாங்க."

அத்தையின் கை புடவை மேல் அப்படியே நின்றது. முகத்தில் கடைசியாக ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அது போன பிறகுதான் இருந்ததே பானுப்ரியாவுக்குத் தெரிந்தது.

"அப்படியா" என்றாள் வேலம்மாள். "நெலத்துக்கென்ன, அது என்னைக்கு எங்கிட்ட இருந்துச்சு, போறதுக்கு? இந்தப் புடவையப் பாத்ததும் ஒரு சந்தேகம். அவசரத்துக்கு எடுத்த மாதிரி இல்லையே, பாத்துப் பாத்து முன்னாடியே எடுத்து வச்ச மாதிரி இருக்கேன்னு. சும்மா ஒரு ஆசைதான்." புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "விடு."

"அத்தை, இல்ல, அந்தப் புடவைய அப்பா மாசியிலயே…"

"வேண்டாம்டி" என்றாள் அத்தை, பொறுமையாக. "இப்ப எம் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்ற. எனக்குத் தெரியாதா?"

வெளியே போட்டோகிராபர் குரல் கொடுத்தார். தாய்மாமனும் பெண்ணின் அம்மாவும் மேடைக்கு வர வேண்டுமாம். வேலம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். பானுப்ரியா கதவருகில் நின்று பார்த்தாள். மணமக்களுக்கு ஒரு பக்கமாக அண்ணனும் தங்கையும் நின்றார்கள்.

"கொஞ்சம் கிட்ட வாங்கம்மா" என்றார் போட்டோகிராபர். "அண்ணன் தங்கச்சிதானே."

அடைக்கலம் சிரித்துக்கொண்டே தங்கை பக்கம் நகர்ந்து வந்தார். வேலம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.